லைன் கிளியர்னா கரண்டு வருமா, வராதா?

எங்கள் சித்தப்பா மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு 'லைன் கிளியர்' என்றால் அந்தக் கம்பியில் கரண்டு இல்லை, வரவும் கூடாது என்று அர்த்தம். எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருக்கிற அண்ணாச்சி ரயில்வேயில் கேட் கீப்பராக இருந்தவர். அவருக்கு 'லைன் கிளியர்' என்றால் வண்டி வரப்போகிறது, ஓடிப்போய் கேட்டைச் சாத்து என்று அர்த்தம். ரெண்டு பேரும் சாயங்காலமானால் ஒரே திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போடுகிறவர்கள், இருபது வருஷப் பழக்கம், ஒரு நாளும் இந்த வார்த்தையால் அவர்களுக்குள் குழப்பம் வந்ததில்லை. அந்தத் திண்ணையைத் தாண்டிப் போகிற காலேஜ் பையன் ஒருத்தன் போனில் "லேய், லைன் கிளியர்ல, அவ அண்ணன் ஊருக்குப் போயிட்டான்" என்று சொன்னால் அதுவும் ரெண்டு கிழவர்களுக்கும் நன்றாகவே புரியும். புரியாத மாதிரி தெருவைப் பார்த்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் விஷயம் இருக்கிறது. திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டை போகிற ரயில் பாதை ஒற்றைப் பாதை. ஒரு ஸ்டேஷனுக்கும் அடுத்த ஸ்டேஷனுக்கும் நடுவில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் இருக்கலாம். அதனால் அடுத்த ஸ்டேஷன் மாஸ்டர் 'பாதை காலியாக இருக்கிறது, அனுப்பு' என்று லைன் கிளியர் கொடுத்தால்தான் இங்கே சிக்னல் விழும், வண்டி நகரும். மின்வாரியத்தில் கம்பத்தில் ஏறப்போகிறவர் துணைமின் நிலையத்தில் கேட்டு லைன் கிளியர் வாங்குவார், எல்.சி. என்று சுருக்கிச் சொல்வார்கள். அந்த ஃபீடரை, அதாவது அங்கிருந்து அந்தப் பக்கம் போகிற மின்பாதையை நிறுத்தி, கம்பியை எர்த் பண்ணி, வேலையை முடித்து, ஆட்கள் எல்லாரும் இறங்கிவிட்டார்களா என்று பார்த்து, எல்.சி.யைத் திருப்பிக் கொடுத்த பிறகுதான் கரண்டு விடுவார்கள். ரெண்டிலும் பொதுவான சங்கதி பாதை காலி என்பதுதான். ரயில்வேயில் அந்தக் காலி இடத்துக்குள் வண்டி நுழைகிறது, மின்வாரியத்தில் மனுஷன் நுழைகிறான். காலேஜ் பையன் கதையும் இதேதான், நுழைகிறவன் அவன்.

'ஆங்கிலம் கலந்து பேசுகிறோம், தமிழ் போச்சு' என்று புலம்புகிறவர்களுக்கு இந்த வார்த்தையை நான் அடிக்கடி காட்டுவேன். எங்கள் ஆச்சிக்கு ஒரு எழுத்து ஆங்கிலம் தெரியாது. ஆனால் 'லைன்' என்ற சொல்லை ஒரு பகல் பொழுதுக்குள் ஏழெட்டு அர்த்தத்தில் பிசகாமல் பயன்படுத்துவாள். காலையில் ரேஷன் கடைக்குப் போய்விட்டு வந்து "லைன் தெரு முக்கு வரைக்கும் நிக்கி" என்பாள். தண்ணீர் வரவில்லை என்றால் "லைன் எங்கயோ உடைஞ்சு கெடக்கு". மும்பையில் இருக்கிற மாமா போன் பண்ணினால், "ஏட்டி, ஒன் மாமா லைன்ல இருக்கான், ஓடி வா". மத்தியானம் கரண்டு போனால் "நம்ம லைன்ல மட்டும் இல்ல, எதிர்த்த வீட்ல எரியி". பேரன் வாசலில் நின்று எதிர்த்த வீட்டைப் பார்த்தால், அதற்கும் அதே சொல்தான், குரல்தான் வேறு.

ஒரு நாளும் அவள் ஆங்கிலத்தில் பேசியதில்லை என்று அடித்துச் சொல்வேன். அர்த்தத்தைப் பிரித்துக் காட்டுவது 'லைன்' இல்லை, அதற்குப் பக்கத்தில் வருகிற வினைச்சொல். 'லைன்ல' என்று மட்டும் சொல்லி நிறுத்திப் பாருங்கள், ஒன்றும் தெரியாது. லைன்ல நிக்கான் என்றால் ரேஷன் கடையிலோ தியேட்டரிலோ நிற்கிறான். லைன்ல இருக்கான் என்றால் போனில். லைன்ல ஏறியிருக்கான் என்றால் கம்பத்தில், தூக்கிப் போடாமல் இருக்க வேண்டும் சாமி. லைனுக்குப் போயிருக்கான் என்றால் வியாபாரத்துக்கு. லைனுக்கு வந்துட்டான் என்றால் முரண்டு பிடித்தவன் வழிக்கு வந்துவிட்டான். நில், இரு, ஏறு, போ, வா எல்லாம் நம்முடையவை. ஆங்கிலத்திடம் வாங்கியது ஒரு வெறும் குடம், ஊற்றினது முழுக்கத் தாமிரபரணித் தண்ணீர்.

அப்புறம் 'அடி' இருக்கிறதே, அது தனிக் கூத்து. நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது ஒரு புது வாத்தியார், வெளியூர்க்காரர், மார்ஜின் போடாமல் நோட்டைக் கொண்டுவந்த பையன்களை எழுப்பி, "நாளைக்கு எல்லாரும் ஒழுங்கா லைன் அடிச்சுட்டு வரணும்" என்றார். வகுப்பே குலுங்கியது. அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. மறுநாள் 'லைன் அடிச்சியாலே?' என்று அவர் ஒவ்வொருத்தனையும் கேட்க, 'அடிச்சுட்டேன் சார்' என்று ஒவ்வொருத்தனும் பயபக்தியோடு சொல்ல, பொம்பளப் பிள்ளைகள் பக்கம் தாவணிக்குள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க, கடைசியில் பக்கத்து வகுப்பு டீச்சர் வந்து அவரை வராந்தாவுக்குக் கூட்டிப்போய் ஏதோ சொன்னார். திரும்பி வந்தவர் அதற்குப் பிறகு வருஷம் முழுக்க 'கோடு போடு' என்றுதான் சொன்னார்.

சரி, கோடு என்று ஒரு சொல் இருக்கும்போது லைன் எதற்கு? நல்ல கேள்விதான், ஆனால் கோட்டுக்கு ஒரு பழைய கதை இருக்கிறது. பழந்தமிழில் 'கோடு' என்றால் யானையின் தந்தம், மரக்கிளை, மலையுச்சி, நீர்க்கரை என்று பல. வினையாக வந்தால் 'கோடுதல்' என்பது வளைதல். குறளில் வருகிற 'கோடாமை' வளையாமை, நேர்மை. நன்னூல்காரர் மரத்தின் கோணலைத் தச்சன் நூல் தீர்ப்பதுபோல மனக்கோணலைத் தீர்ப்பதுதான் நூலுக்கு அழகு என்று சொல்லும்போது, அந்தக் கோணலுக்கு அவர் வைத்த பெயர் 'கோட்டம்'. வளைவைச் சொன்ன சொல்லின் வீட்டிலிருந்து ஸ்கேல் வைத்துப் போடுகிற நேர்கோடு எப்படி வந்தது என்று யோசித்தால் தலை சுற்றும். எங்கள் ஊர்ப் பேச்சில் இன்னொரு சிக்கலும் உண்டு. கோர்ட்டு, கோட்டு, கோடு எல்லாம் வாய்க்குள் பக்கத்துப் பக்கத்து வீடு. "கோட்டுக்குப் போயிட்டான்" என்றால் வரப்புத் தகராறு முற்றிவிட்டது என்றுதான் பொருள்.

மற்ற சொற்களும் சும்மா இல்லை. 'வரி' என்றால் வரிக்குதிரையில் இருப்பது, கவிதையில் இருப்பது, பஞ்சாயத்துக்குக் கட்டுவது. 'வரிசை' என்றால் கல்யாண வீட்டில் தட்டுத் தட்டாகக் கொண்டுபோவது. 'கம்பி' என்றால் ஒருத்தன் எண்ணுகிறான், இன்னொருத்தன் நீட்டுகிறான். எங்களிடம் சொல் இல்லாமல் கடன் வாங்கவில்லை. ஒவ்வொரு சொல்லும் ஏற்கெனவே ரெண்டு மூணு வீட்டுக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தது.

இதில் எனக்குப் பிடித்தது 'நூல்'தான். ஆங்கிலச் சொல்லின் பிறப்பைத் தேடிப் போனால் லத்தீனில் ஆளிச்செடி நாருக்கு இருந்த பெயரில் போய் நிற்கிறது. நாரிலிருந்து நூல், நூலைப் பிடித்து இழுத்தால் நேர்கோடு, இப்படித்தான் அங்கே 'லைன்' உண்டானது. லினன் துணி என்கிறோமே, அதுவும் அதே குடும்பம். ஆக ஆங்கிலத்தின் லைனும் அடியில் நம்முடைய நூல்தான். நம் கொத்தனார் இன்றைக்கும் சுவர் வைக்கும்போது ரெண்டு முனையிலும் ஆணி அடித்து நூல் கட்டுகிறார், "நூலுக்கு வரல, கொஞ்சம் உள்ள தட்டு" என்கிறார். தச்சர் அளவு சொல்லும்போது "ஒரு இஞ்சு ரெண்டு நூல்" என்பார், எட்டு நூல் ஒரு இஞ்சு. ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் இஞ்சைப் பன்னிரண்டாகப் பிரித்து அதில் ஒரு பங்குக்கு 'லைன்' என்று பெயர் வைத்திருந்தார்கள். சொல்லிவைத்த மாதிரி ரெண்டு ஊர்க்காரனும் நூலைப் பிடித்து இஞ்சை வெட்டியிருக்கிறான். இதைவிட வேடிக்கை, லைன் அடிப்பது இந்த ஊருக்கு வருவதற்கு முன்னால் நம் ஆட்கள் செய்த காரியத்துக்கும் நூல்தான். 'நூல் விட்டுப் பார்க்கான்' என்பார்கள். விட்டது நூல், அடித்தது லைன். நூல் விட்டவனுக்குக் கொஞ்சம் பொறுமை அதிகம் என்று நினைக்கிறேன்.

கொத்தனாரும் தச்சரும் நூலை விடாததற்குக் காரணம் இருக்கிறது. ஆங்கிலச் சொல் வருவதற்கு முன்பே நூல் அவர்கள் கையில் இருந்தது. துணி காயப்போடுவதற்கு நம் வீடுகளில் யாரும் லைன் என்று சொல்வதில்லை, கொடிதான். கைரேகை ரேகையாகவே இருக்கிறது. உவரிப் பக்கம் கடலுக்குப் போகிறவர்கள் தூண்டில் நைலானைத் தங்கூசி என்கிறார்கள், ஆங்கிலக்காரன் அதையும் லைன் என்றே சொல்வான். பொருள் முன்னாலேயே இருந்த இடத்தில் லைன் நுழையவில்லை. பொருளோடு சேர்ந்து வண்டியில் வந்து இறங்கிய இடத்தில்தான் உட்கார்ந்தது.

அப்படி முதலில் வந்து இறங்கியது ரயில். மணியாச்சியிலிருந்து திருநெல்வேலிக்குப் பாதை வந்தது 1876இல். 1903இல் செங்கோட்டை வரை போட்டார்கள், 1904இல் மலையைக் குடைந்து கொல்லம் வரை. நூறு வருஷத்துக்கு மேல் மீட்டர் கேஜில் ஓடி, பிறகு அகலப்பாதையாக மாற்றி, செங்கோட்டை – புனலூர் மலைப்பகுதியை 2018இல் திரும்பத் திறந்தார்கள். எங்கள் பக்கத்தில் 'கொல்லம் லைன்', 'திருச்செந்தூர் லைன்' என்று சொன்னால் அது ஊரையும் குறிக்கும், சொந்தக்காரர்களையும் குறிக்கும். "பொண்ணு கொல்லம் லைன்ல குடுத்திருக்கு" என்றால் செங்கோட்டைப் பக்கம் எங்கோ கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். சென்னைக்குப் போகிறவர்களுக்கு மெயின் லைன், கார்டு லைன் என்ற தகராறு தெரியும். விழுப்புரத்துக்கும் திருச்சிக்கும் நடுவே மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர் சுற்றிப் போவது மெயின் லைன், விருத்தாசலம் வழியே குறுக்கே வெட்டிப் போவது கார்டு லைன். நெல்லை எக்ஸ்பிரஸ் முதற்கொண்டு நம் வண்டிகள் பெரும்பாலும் கார்டு லைனில்தான் ஓடுகின்றன, ஆனாலும் பெயரளவில் மெயின் அந்தச் சுற்றுப்பாதைதான். அந்த 'கார்டு' என்பது வடிவக்கணக்கில் வட்டத்தின் குறுக்கே போடுகிற கோடு, பள்ளிக்கூடத்தில் 'நாண்' என்று படித்தோமே, அது. நாண் என்றாலும் கயிறுதான். எங்கே சுற்றினாலும் நூலும் கயிறுமாகவே வருகிறது.

அடுத்து வந்தது கம்பி. பாபநாசத்தில் நீர்மின் நிலையம் ஓட ஆரம்பித்தது 1944இல். கம்பமும் கம்பியும் ஊருக்குள் வந்தபோது 'லைன்' ரெண்டாவது தடவை வந்தது. அதைப் பார்த்துக்கொள்கிற ஆள் லைன்மேன். காகிதத்தில் 'மின்பாதை' என்றெல்லாம் நல்ல பெயர்கள் இருக்கின்றன, ஆனால் ராத்திரி பதினோரு மணிக்குக் கரண்டு போனால் யாரும் மின்பாதையைத் தேடுவதில்லை. தோட்டத்துக்காரர்கள் இந்தச் சொல்லை இன்னும் நுணுக்கமாகப் பயன்படுத்துவார்கள். பம்ப்செட் மோட்டாருக்கு மூன்று ஃபேஸ் வேண்டும். "மூணு லைனும் வந்துட்டாடே?" என்று கேட்டுவிட்டுத்தான் சுவிட்சைப் போடுவார்கள். ரெண்டு லைன் மட்டும் வரும்போது அவசரப்பட்டுப் போட்டால் மோட்டார் உறுமும், சுற்றாது, கொஞ்ச நேரத்தில் புகை வரும், அப்புறம் காயில் கட்டுகிறவரிடம் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான். இங்கே லைன் என்பது கம்பி இல்லை. கம்பி மூன்றும் கண்ணெதிரே தொங்கிக்கொண்டுதான் இருக்கும், ஒன்றில் மட்டும் உயிர் இருக்காது.

போன் கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான், நீட்ட வேண்டாம். ட்ரங்க் கால் போட்டு லைன் கிடைக்கக் காத்திருந்த காலத்தில் கம்பி இருந்தது, லைனும் இருந்தது. இன்றைக்குச் செல்போனில் ஒரு கம்பியும் இல்லை, "லைன்ல இருங்க, குடுக்கேன்" என்பது மட்டும் அப்படியே இருக்கிறது. ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா "லைன் போடணும், கையைக் காட்டுங்க" என்று சொல்லும்போது அது நம் ரத்தக்குழாய்க்குள் போகிற லைன். பயமாகத்தான் இருக்கும், ஆனால் 'போடு' என்ற வினையைக் கேட்டதுமே ஊசி என்று தெரிந்துவிடுகிறது பாருங்கள்.

வியாபாரிகள் பக்கம் வந்தால், மொத்த வியாபாரக் கடைகளிலிருந்து சரக்கு வேன் கிளம்பும். திங்கள் அம்பை லைன், செவ்வாய் வள்ளியூர் லைன், புதன் சங்கரன்கோவில் லைன் என்று கிழமைக்கு ஒரு லைன். "என்ன அண்ணாச்சி, இன்னைக்கு நம்ம லைன் இல்லல்லா?" என்று கடைக்காரர் கேட்டால், நாளில்லாத நாளில் வந்திருக்கிறாய், பணம் கேட்காதே என்று அர்த்தம். இங்கே லைன் என்பது பாதையும்தான், கிழமையும்தான், அந்தப் பாதையில் இருக்கிற எழுபது எண்பது கடைகளின் பழைய பாக்கியும்தான். வெளி மாநிலங்களுக்குப் போய்த் தலைச்சுமையாகவும் வண்டியிலும் வீடு வீடாகத் தவணைக்குப் பொருள் விற்கிற நம் ஊர்ப் பையன்களும் 'லைன் வியாபாரம்' என்றுதான் சொல்வார்கள். கொடுத்ததை வாரா வாரம் வாங்கி வருவது 'லைன் பார்ப்பது'.

இலக்கணத்தை நினைத்தால் ஒரு சிரிப்பு வருகிறது. தொல்காப்பியப்படி லகரத்தில் தமிழ்ச் சொல் தொடங்கக் கூடாது. அதனால்தான் லங்கை இலங்கையானது, லட்சுமி இலட்சுமியானாள். அந்தக் கணக்கில் இது 'இலைன்' என்று ஆகியிருக்க வேண்டும். ஆனால் 'ஏல' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்ததை முன்னெழுத்தை விழுங்கி 'லேய்' ஆக்கி, அதையே அடையாளமாகத் தோளில் போட்டுக்கொண்டு திரிகிற ஊரிடம் போய் லகரம் முதலில் வராது என்று யார் சொல்வது? நாங்கள் செய்தது கடைசியில் ஒரு உகரம் சேர்த்து 'லைனு' ஆக்கியதுதான். அதோடு அது எங்கள் பிள்ளையாகிவிட்டது.

கடைசியாக ஒரு லைன் இருக்கிறது, வீடு. பட்டாளத்துக்கும் போலீசுக்கும் வெள்ளைக்காரன் வரிசையாகக் கட்டிய குடியிருப்புகளுக்கு லைன் என்று பெயர், போலீஸ் லைன் என்று இன்னும் சொல்கிறோம். டவுனில் ஒரே காம்பவுண்டுக்குள் பல குடித்தனங்கள் இருந்த இடத்துக்கு எங்கள் ஊரில் 'வளவு' என்று அருமையான சொல் உண்டு. வளவில் நடுவே ஒரு பொது இடம் இருக்கும், கிணறு இருக்கும், சண்டை இருக்கும். லைன் வீட்டில் அது கிடையாது, ரயில் பெட்டி மாதிரி ஒன்றை ஒட்டி ஒன்று, சுவர் மட்டும் பொது. வாடகைக்கு விடக் கட்டுகிறவர்களுக்கு லைன் வீடுதான் லாபம் என்பதால் வளவு குறைந்து லைன் பெருகிவிட்டது.

இந்த லைனில் பெரியது மலை மேல் இருந்தது. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து பாம்பே பர்மா கம்பெனி 1929இல் 99 வருஷக் குத்தகைக்கு எடுத்த காட்டில் மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று தேயிலைத் தோட்டங்கள் வந்தன. தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த வரிசை வீடுகள்தான் லைன். இலங்கை மலையகத்தில் இதையே லயன் என்பார்கள். அங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கு லைன் என்பது தெரு, முகவரி, சொந்தபந்தம் எல்லாம். குத்தகை 2028இல் முடிகிறது, 2024இல் கம்பெனி தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுத்தது, நிறையக் குடும்பங்கள் கீழே இறங்கிவிட்டன.

போன மழைக்காலத்தில் அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஊத்துக்குப் போகிற பஸ்ஸுக்காகக் கொஞ்சம் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். மப்ளர் கட்டிய ஒரு வயசான அம்மா, பக்கத்தில் பையோடு நின்ற பெண்ணை முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "நீ எந்த லைனும்மா?" என்று கேட்டாள். அந்தப் பெண் கீழ் ஊர்க்காரி போலிருக்கிறது. "இங்க லைன்லாம் கெடையாது ஆச்சி, பஸ் வந்தா எடம் பாத்து ஏற வேண்டியதான்" என்றாள். அந்த அம்மா சரி சரி என்று தலையை ஆட்டிவிட்டு, அடுத்தாற்போல் நின்ற ஒருத்தியின் பக்கம் திரும்பினாள்.